அறுபது நாள் சூப்

"இங்க ஒரு கையெழுத்து, அடுத்த பக்கத்துல ஒண்ணு. அப்புறம் சாவியைக் குடுத்துட்டு நீங்க வீட்டுக்குப் போய் நிம்மதியா உக்காரலாம்மா," என்றான் வேட் பிரிட்சர்ட்.

ஆர்லிஸ் டொல்லெஃப்ஸன் அம்மாளின் கையில் கரண்டி இருந்தது. கரண்டியில் சூப் இருந்தது. பிரச்சினையே அதுதான்.

"ஒரு நிமிஷம் தம்பி. ஆர்வில் அண்ணனுக்கு ஊத்திட்டு வந்துடறேன்."

எண்பத்தொரு வயது ஆர்வில், ஜன்னலோரத்தில் உட்கார்ந்தபடி கிண்ணத்தை நீட்டினார். காட்டரிசியும் கோழியும் பாலேடும் சேர்ந்த சூப் அதில் ஆவி பறக்க இறங்கியது. வேட் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். மினியாபொலிஸிலிருந்து அவன் விமானம் மாலை ஏழு மணிக்கு. ஒரு கடையை மூடுவதற்கு அவன் இதுவரை நாற்பது நிமிஷத்துக்கு மேல் செலவழித்ததில்லை.

டெக்சாஸில் லப்பக் நகரத்தைத் தலைமையகமாகக் கொண்ட ரஸ்டி லாசோ சாண்ட்விச் கம்பெனிக்கு நாடு முழுவதும் கிளைகள். கடை, கடன், உழைப்பு எல்லாம் ஊர்க்காரருடையது. பெயர், கையேடு, அதட்டல் மூன்றும் கம்பெனியுடையவை. கையேடு நானூற்றுப் பன்னிரண்டு பக்கம். மாட்டிறைச்சி சாண்ட்விச்சை எந்தப் பக்கமாக மடிக்க வேண்டும், காகிதத் துண்டை எத்தனை மடிப்பாக வைக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. சூப் என்ற சொல் மட்டும் எங்கும் கிடையாது.

வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததும் ஊழியர் எல்லோரும் கவ்பாய் தொப்பியைத் தூக்கி "யீ-ஹா!" என்று கத்த வேண்டும் என்பதும் கையேட்டில் இருக்கிறது. ஆனால் இந்தக் கடை இருக்கும் மினசோட்டா மாநிலத்து ஃபெர்கஸ் ஃபால்ஸ் ஊரில், பக்கத்து வீடு எரிந்தால்கூட "கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்குல்ல?" என்றுதான் சொல்வார்கள். கடை திறந்த முதல் வாரம் உள்ளே வந்த மூன்று பேர், யாருக்கோ அடிபட்டுவிட்டது என்று பயந்து ஓடிப்போனார்கள். அன்றிலிருந்து ஆர்லிஸ் அம்மாளின் ஊழியர்கள் அந்த "யீ-ஹா"வைத் துக்கம் விசாரிக்கிற குரலில் சொல்லிவருகிறார்கள். எவ்வளவு சத்தம் என்று கையேட்டில் குறிப்பிடவில்லை. அதனால் வேட்டால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வேட்டின் பதவி, நெறிமுறைக் கண்காணிப்பு மேலாளர். தமிழில் சொன்னாலும் ஆங்கிலத்தில் சொன்னாலும் அர்த்தம் ஒன்றுதான்: போய்க் குற்றம் கண்டுபிடிப்பவன். நாலு வருஷத்தில் பதினேழு கடைக்காரர்களை வெளியேற்றியிருந்தான். அதற்காகக் கம்பெனி அவனுக்கு ஒரு வெள்ளிக் குதிரைலாடம் பரிசளித்தது. ஒப்பந்தம் எழுபத்தெட்டுப் பக்கம். அவன் படித்திருந்தது ஒரே ஒரு பத்தி, இருபத்திரண்டாவது. கம்பெனிக்குத் திருப்தியில்லை என்று கம்பெனி நினைத்தால் அந்த நிமிஷமே ஒப்பந்தம் முடிந்தது என்று சொல்லும் பத்தி. அதற்கு மேல் என்ன படிக்க வேண்டியிருக்கிறது?

இந்தக் கடையில் சூப் விற்கிறார்கள் என்று யாரோ பெயர் போடாமல் ஒரு புகைப்படம் அனுப்பியிருந்தார்கள். பெரிய எழுத்தில் 'இன்று சூப்' என்ற பலகை, பின்னால் கம்பெனிச் சின்னம், இரண்டும் தெளிவாகத் தெரியும்படி எடுத்த படம். வேட் உடனே கிளம்பிவிட்டான்.

ஆர்லிஸ் அம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேட் கொடுத்த கடிதத்தை மேலிருந்து கீழே ஒருமுறை படித்தாள். பிறகு இன்னொரு முறை படித்தாள்.

"இன்னியோட என் ஒப்பந்தம் முடிஞ்சுதுன்னு போட்டிருக்கீங்க."

"ஆமாம்மா. இன்னொண்ணும் சொல்லிடறேன். இனிமே ரெண்டு வருஷம், அம்பது மைல் சுத்துவட்டாரத்துல நீங்க காசுக்கு ஒரு முட்டைகூட அவிச்சு விக்கக் கூடாது. மிச்சம் இருக்கற ஒன்பது வருஷத்துக்குக் கம்பெனிக்கு வரவேண்டிய பங்கும் உங்க தலையிலதான். எல்லாம் நீங்க கையெழுத்துப் போட்டதுதான்."

"கடைசி ஒண்ணரைப் பக்கம் பாத்தீங்களா தம்பி?"

"அது பின்னிணைப்பும்மா. அதை யாரும் படிக்கறதில்ல."

"இங்க குளிர்காலம் நீளம். நான் படிச்சேன்." அவள் கல்லாவுக்கு அடியிலிருந்து தன் ஒப்பந்தத்தை எடுத்து, விரலை எச்சில் தொட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பினாள். "கடை மினசோட்டாவுல இருந்தா, முன்னாடி என்ன எழுதியிருந்தாலும் செல்லாதாம். என்னை அனுப்பணும்னா தொண்ணூறு நாள் முன்னாடி எழுத்துல சொல்லணுமாம். அதுல அறுபது நாள் தப்பைத் திருத்திக்க எனக்கு அவகாசமாம். கீழ உங்க கம்பெனி கையெழுத்து இருக்கு பாருங்க. அழகான கையெழுத்து. சூப் சாப்பிடறீங்களா?"

வேட் வெளியே ஓடி, வாடகைக் காருக்குள் உட்கார்ந்து, ஹீட்டரை முடுக்கிவிட்டுக் கம்பெனி வக்கீல் ஸ்ட்ரிக்லண்டைக் கூப்பிட்டான்.

"எந்த மாநிலம்னு சொன்னே?" என்றார் வக்கீல்.

"மினசோட்டா சார்."

"ஏன்டா, அங்க போறதுக்கு முன்னாடி எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கமாட்டே?"

"நம்ம ஒப்பந்தம்தானே சார்? நாமதானே எழுதினோம்?"

"எழுபத்தாறரைப் பக்கம் நாம எழுதினது. மிச்சம் ஒண்ணரைப் பக்கம் அந்த ஊர்ச் சட்டசபை எழுதினது. அதை ஒட்டாம அங்க ஒரு கிளைகூட விக்க முடியாது."

"அப்ப லப்பக் கோர்ட்டுக்கு இழுத்துடலாமே? வழக்குன்னா நம்ம ஊர்லதான்னு ஒரு பத்தி இருக்குன்னு சொல்வாங்களே?"

"அந்தப் பத்தியையும் இந்த ஒண்ணரைப் பக்கம் கொன்னுடுச்சு. வழக்குப் போட்டா அவங்க ஊர்லதான் நடக்கும். ஜூரியில யார் உக்காருவான்? அந்தச் சூப்பைக் குடிக்கறவன் உக்காருவான். பேசாம முறைப்படி நோட்டீஸ் குடு."

வேட் லப்பக்கில் இருக்கும் இமெல்டாவைக் கூப்பிட்டான். இமெல்டா, கம்பெனியின் கோப்புகளைப் பார்த்துக்கொள்பவள். கடிதங்களைத் தட்டச்சு செய்து வேட்டின் மேசையில் அடுக்குவாள். அவன் தொலைபேசியில் பேசிக்கொண்டே கட்டுக்கட்டாகக் கையெழுத்துப் போட்டுத் தள்ளுவான். அவள் எடுத்துப்போய் அஞ்சலில் சேர்ப்பாள்.

"சூப் விக்கறது ஒப்பந்த மீறல். அறுபது நாளுக்குள்ள நிறுத்தணும். எழுது," என்றான் வேட்.

"சூப்புன்னு மட்டும் போட்டாப் போதுமா சார்?"

"பின்ன என்ன, பாயசம்னா போடுவே? சூப்!"

---

நவம்பரில் போன நோட்டீஸுக்கு ஜனவரியில் அறுபது நாள் முடிந்தது. அறுபத்தொன்றாம் நாள் வேட் கேமராவோடு வந்து இறங்கினான். பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு டிகிரி. கம்பெனிச் சின்னமாகக் கூரைமேல் நின்ற பதினாலடிக் கண்ணாடியிழைக் காளை பனி மூடிச் செம்மறியாடு போலத் தெரிந்தது. அவன் கதவைத் திறந்ததும் மூன்று ஊழியர்கள் தொப்பியைக் கழற்றி "யீ-ஹா" என்று மெல்லச் சொன்னார்கள். வேட்டுக்கு, வீட்டில் யாரோ தவறிப்போனது போல இருந்தது.

"சூப் எங்கே?"

"நிறுத்தியாச்சு தம்பி," என்றாள் ஆர்லிஸ் அம்மாள். "அம்பத்தொம்பதாம் நாள் சாயங்காலம். கடைசிக் கிண்ணம் ஆர்வில் அண்ணனுக்கு."

ஆர்வில் ஜன்னலோரத்திலிருந்து தலையை ஆட்டினார்.

வேட் சமையலறை, குளிர்ப்பெட்டி, குப்பைத்தொட்டி எல்லாவற்றையும் கிளறினான். ஒரு பருக்கை அரிசி அகப்படவில்லை. 'குறை நீங்கியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுத் திரும்பினான். அவன் லப்பக்கில் இறங்கியபோது இமெல்டாவின் அழைப்பு வந்தது.

"சார், ஃபெர்கஸ் ஃபால்ஸிலிருந்து இன்னொரு படம் வந்திருக்கு. பேர் போடல. ஜன்னல்ல 'இன்று ஹாட்டிஷ்'னு பலகை."

"ஹாட்டிஷ்னா?"

"கொத்துக்கறி மேல உருளைக்கிழங்கை அடுக்கி அடுப்புல வாட்டறதாம் சார். நல்லாத்தான் இருக்கும்போல."

"அவ நிறுத்தறேன்னு சொன்னாளே!"

"சூப்பைத்தான் சார் நிறுத்தினாங்க. நோட்டீஸ்ல நீங்க..."

"தெரியும்!" என்று வேட் கத்தினான். பயணப் பெட்டிக்காகக் காத்திருந்த ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

இன்னொரு அறுபது நாள் காத்திருக்க அவனுக்குப் பொறுமை இல்லை. வாழ்க்கையிலேயே முதல்முறையாக அந்த ஒன்றரைப் பக்கத்தையும், அதற்கு ஆதாரமான சட்டத்தையும் எடுத்துவைத்துக்கொண்டு படித்தான். அதில் ஒரு சந்து அகப்பட்டது. கடைக்காரர் செய்யும் தப்பு கம்பெனியின் நற்பெயரைப் பலமாகக் கெடுத்தால், அறுபது நாள் தேவையில்லை. இருபத்துநாலு மணி நேர நோட்டீஸ் போதும்.

"நற்பெயர் கெட்டுச்சுன்னு நிரூபிக்கணும்டா," என்றார் ஸ்ட்ரிக்லண்ட். "ஊர் ஜனங்க சொல்லணும்."

"சொல்ல வெச்சுடறேன் சார்."

வேட் படிவம் அச்சடித்தான். ஜனவரிக் கடைசியில் ஃபெர்கஸ் ஃபால்ஸுக்கு வந்து, ஒரு மோட்டலில் அறை எடுத்து, கடைக்கு வருகிறவர்களை ஒவ்வொருவராக மடக்கினான். முதல் ஆள் ஆர்வில்.

"ஐயா, இந்த ஹாட்டிஷ் விக்க ஆரம்பிச்சதால, ரஸ்டி லாசோ மேல உங்களுக்கு இருந்த மதிப்பு குறைஞ்சிருக்கா?"

"ரஸ்டி லாசோ யாரு?" என்றார் ஆர்வில்.

"இந்தக் கடைதான்யா!"

"இது ஆர்லிஸ் கடையில்ல?"

"வெளியில அவ்வளவு பெரிய பலகை இருக்கே, பதினோரு வருஷமா பாக்கலையா?"

"நான் மாட்டைத்தான் பாத்தேன். எதுக்கு மாடுன்னு கேட்டா அவளுக்குச் சங்கடமா இருக்குமேன்னு கேக்கல."

வேட் படிவத்தை நீட்டினான். ஆர்வில் வெகுநேரம் யோசித்து, பென்சிலால் எழுதினார்: 'முன்பு இந்தக் கம்பெனியைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஹாட்டிஷ் சாப்பிட்ட பிறகு, அவ்வளவு மோசமில்லை என்று தோன்றுகிறது.'

அந்த ஊரில் ஒருவர் வாயிலிருந்து 'அவ்வளவு மோசமில்லை' என்று வந்தால், அது வேறு ஊரில் பொன்னாடை போர்த்துவதற்குச் சமம். முப்பத்துநாலு பேர் படிவம் எழுதினார்கள். முப்பத்தொரு பேர் அதையேதான் எழுதினார்கள். இரண்டு பேர் ஹாட்டிஷில் வெங்காயம் கொஞ்சம் குறைக்கலாம் என்றார்கள். ஒருவர் வேட்டுக்குச் சளி பிடித்திருப்பதாகக் கவலைப்பட்டு, மார்பில் தடவ ஒரு தைலத்தின் பெயரை எழுதியிருந்தார்.

ஸ்ட்ரிக்லண்ட் அதைப் படித்துவிட்டு, "இந்தக் கட்டை யார் கண்ணுலயும் காட்டாதே. இதைக் கோர்ட்டுல வெச்சா, நாம அந்தம்மாவுக்கு நன்றிக் கடிதம் எழுதவேண்டி வரும்," என்றார்.

அன்றைக்கு வேட் ஆர்லிஸ் அம்மாளிடம் நேராகவே கேட்டான். "ஏம்மா இப்படிப் பிடிவாதம் பிடிக்கறீங்க? இந்தக் கடையில அப்படி என்னதான் இருக்கு?"

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டே, "ஒப்பந்தத்துல இருபது வருஷம்னு போட்டிருக்கே தம்பி. இன்னும் ஒன்பது இருக்கு," என்றாள்.

---

பிப்ரவரி இரண்டாம் வெள்ளிக்கிழமை வேட்டுக்கு அதிர்ஷ்டம் அடித்தது. பகல் பன்னிரண்டு மணிக்குக் கடைக் கதவு பூட்டியிருந்தது.

சட்டத்தில் அவன் கண்டுபிடித்திருந்த இரண்டாவது சந்து இது: கடைக்காரர் தானாகக் கடையைக் கைவிட்டுப் போனால் நாள் கணக்கே கிடையாது. வேட் பனிக்காற்றில் நின்று பூட்டைப் படம் எடுத்தான். இருட்டான ஜன்னலைப் படம் எடுத்தான். பூட்டிய கதவும் கூரைமேல் காளையும் ஒரே படத்தில் விழுந்தால் மறுக்க முடியாத சாட்சியாக இருக்குமே என்று தோன்றியது. காரில் ஏறி, ஜன்னல் வழியே கேமராவைப் பிடித்தபடி, மெல்லப் பின்னால் நகர்த்தினான். கதவு வந்தது. பலகை வந்தது. காளையின் கால் வந்தது. கொம்பு வருகிற நேரத்தில் கார் சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது.

சாலையில் யாரும் இல்லை. இருக்கமாட்டார்கள், யாரும் வண்டியை எடுக்கவேண்டாம் என்று காலையிலேயே வானொலியில் சொல்லியிருந்தார்கள். வேட் வானொலி கேட்கவில்லை. அவன் காலில் இருந்தது லப்பக்கில் வாங்கிய மெல்லிய தோல் பூட்ஸ். முக்கால் மணி நேரத்தில் அவன் பற்கள் தந்தியடித்தன. காது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தால் தொட்ட விரல் இருக்கிறதா என்று தெரியவில்லை.

ஒரு பழைய பிக்கப் வண்டி பனியைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. ஆர்லிஸ் அம்மாள் சங்கிலியோடு இறங்கினாள்.

"ஏன் தம்பி, இந்த நேரத்துல பள்ளத்துல என்ன பண்றீங்க?"

"நீ-நீங்க கடையைக் கை-கைவிட்டுட்டீங்க," என்றான் வேட், உதறிக்கொண்டே.

"புயல்னு ஊரே மூடியிருக்கு. பனி வழிக்கற ஆளுங்க ராத்திரியிலேர்ந்து சாப்பிடாம இருக்காங்களேன்னு வீட்டுலேர்ந்து சூப் வெச்சு எடுத்துட்டுப் போறேன். கடையில வெக்கத்தானே தடை? ஏறுங்க."

பனி வழிக்கும் வண்டிகள் நிற்கும் கொட்டகையில் வேட்டை ஹீட்டர் பக்கத்தில் உட்காரவைத்துக் கையில் ஒரு கிண்ணத்தைக் கொடுத்தார்கள். அவன் முதலில் மறுத்தான். பிறகு வாசனை மூக்கில் ஏறியது. முதல் வாயிலேயே அவன் காது திரும்பி வந்தது. முதல் கிண்ணம் போன இடம் தெரியவில்லை. "இன்னும் கொஞ்சம் இருக்குமா?" என்று கேட்டவன் தான்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

உள்ளூர் வாரப் பத்திரிகையின் நிருபர், பனி வழிப்பவர்களைப் படமெடுக்க வந்திருந்தாள். அடுத்த இதழின் முதல் பக்கத்தில் வேட் வந்தான்: தலையில் கம்பெனித் தொப்பி, முகம் கிண்ணத்துக்குள், கீழே ஒரு வரி. 'ரஸ்டி லாசோ அதிகாரி, ஃபெர்கஸ் ஃபால்ஸ் சூப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.'

"பிரமாதம்," என்றார் ஸ்ட்ரிக்லண்ட். "கண்காணிக்கப் போனவனே ரெண்டு கிண்ணம் குடிச்சுட்டான். இனிமே எந்த வாயால அதைத் தப்புன்னு சொல்றது? உன் வாயால முடியாது. அது நிறைஞ்சிருக்கு."

---

அந்தப் படத்தை மினசோட்டாவின் மற்ற எட்டுக் கிளைக்காரர்களும் பார்த்தார்கள். ஒவ்வொருவராக ஆர்லிஸ் அம்மாளைக் கூப்பிட்டு, "அந்த ஒண்ணரைப் பக்கம் எங்க இருக்கு?" என்று விசாரித்தார்கள். மார்ச் மாதத்துக்குள் துலூத் கிளையில் புகைபோட்ட மீன் வந்துவிட்டது. இன்னொரு கிளையில் உருளைக்கிழங்கு ரொட்டி. இன்னொன்றில் வெள்ளிக்கிழமைதோறும் மீன் வறுவல். எல்லோரும் ஐம்பத்தொன்பதாம் நாள் ஒழுங்காக நிறுத்தினார்கள். அறுபத்திரண்டாம் நாள் வேறொன்றை ஆரம்பித்தார்கள். வேட்டின் நாட்காட்டியில் ஒன்பது நிறப் பென்சில்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடின. மேலும் கேவலமான விஷயம், ஒன்பது கடையிலும் கூட்டம் நெரிந்தது.

கம்பெனியின் இளைய முதலாளிக்கு இது பொறுக்கவில்லை. தாத்தா சேர்த்த சொத்தைக் கட்டிக்காப்பது என்றால் யாரையாவது திட்டுவது என்று நினைத்திருக்கும் ரகம் அவர். வேட்டைக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தக் கிழவிதான் மூலம். அவ போனா மத்தவங்க அடங்கிடுவாங்க. என்ன வேணா குடு, அவ போகணும். இல்லேன்னா நீ போகணும்."

"எனக்கு எத்தனை நாள் டயம் சார்?"

"நாளா? உன் வேலைக்கு எந்தச் சட்டசபை பின்னிணைப்பு எழுதியிருக்கு? வெள்ளிக்கிழமை."

மே மாதம். ஏரியில் பனிக்கட்டி உருகியிருந்தது. வேட் ஆர்லிஸ் அம்மாளின் எதிரில் உட்கார்ந்து, ஸ்ட்ரிக்லண்ட் எழுதிக் கொடுத்த காகிதத்தை மேசைமேல் வைத்தான். அவள் தானாக, மனமொப்பி, வெளியேறினால்தான் சட்டப்படி செல்லும் என்று வக்கீல் மூன்று முறை சொல்லி அனுப்பியிருந்தார்.

"அம்மா, சுமுகமா முடிச்சுக்கலாம். நீங்க விலகிட்டா, மிச்ச ஒன்பது வருஷப் பங்கைக் கம்பெனி கேக்காது."

ஆர்லிஸ் அம்மாள் காப்பியைக் கலக்கினாள்.

லப்பக்கில் யாரும் பேசாமல் மூன்று விநாடி இருந்தால் அதற்குச் சண்டை என்று அர்த்தம். ஃபெர்கஸ் ஃபால்ஸில் அதற்குக் காப்பி என்று அர்த்தம். வேட்டுக்கு அது தெரியாது.

"சரி. ரெண்டு வருஷம் சமைக்கக் கூடாதுன்னு இருக்கே, அந்தத் தடையையும் எடுத்துடறோம். நாளைக்கே, இதே இடத்துல, நீங்க என்ன வேணா சமைக்கலாம்."

அவள் ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தாள்.

"அடுப்பு, குளிர்ப்பெட்டி எல்லாம் உங்களுக்கே!"

"ம்," என்றாள் அவள்.

"கடையில நீங்க கண்டுபிடிச்ச சமையல் முறை எல்லாம் கம்பெனிச் சொத்துன்னு ஒரு பத்தி இருக்கு. அதையும் விட்டுடறோம். சூப்பு உங்களோடது. ஹாட்டிஷ் உங்களோடது. போதுமா?"

ஆர்லிஸ் அம்மாள் நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "அந்த மாடு தானா இறங்காதே தம்பி."

"கிரேன் நாங்களே கொண்டுவர்றோம்! ஓட்டை விழுந்தா கூரையையும் நாங்களே அடைச்சுத் தர்றோம்!" வேட்டின் சட்டைக் காலர் நனைந்திருந்தது. "மனசு வெய்யுங்கம்மா. என் வேலையே உங்க கையிலதான் இருக்கு."

அவள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். "இவ்வளவு தூரம் வந்து, இவ்வளவு சொல்றீங்க. இனிமே மாட்டேன்னு சொன்னா மரியாதையா இருக்காது."

வேட் அவள் மனம் மாறுவதற்குள் தன் கையெழுத்தை முதலில் போட்டான். அவள் படித்துவிட்டுப் போடுகிறேன் என்றாள். ஒவ்வொரு பக்கமாக, ஒவ்வொரு வரியாக, மூன்று கோப்பைக் காப்பி தீரும்வரை படித்தாள். பிறகு நிதானமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டாள். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதைப் பார்த்து வேட்டுக்கே கொஞ்சம் மனம் இளகியது. வெற்றி பெற்றவனுக்குப் பெருந்தன்மை அழகுதானே? "பதினோரு வருஷம் நடத்தின கடை. கஷ்டமாத்தாம்மா இருக்கும்," என்றான்.

"பழகிடும்னு நினைக்கறேன்," என்றாள் ஆர்லிஸ் அம்மாள்.

திங்கள்கிழமை காலை, லப்பக் தலைமையகத்தில், இளைய முதலாளி எல்லோர் முன்னாலும் வேட்டின் முதுகில் தட்டினார். வேட் நெஞ்சை நிமிர்த்தி நடந்துவந்து இமெல்டாவின் மேசையில் கோப்பைப் பொத்தென்று போட்டான்.

"பதினெட்டாவது ஆள்! இதுவரைக்கும் நான் துரத்தினதுலயே கஷ்டமான ஆள். என்ன உடும்புப் பிடி! கடையை விட்டுப் போகவே மனசு வரல அந்தக் கிழவிக்கு. கடைசியில அழுதுட்டா தெரியுமா? நம்மகிட்டயா நடக்கும்? கோப்பை மூடிடு."

இமெல்டா எழுந்து, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து நாடா கட்டிய ஒரு தடித்த கட்டைத் தூக்கமாட்டாமல் தூக்கிக் கோப்பின்மேல் வைத்தாள்.

"இதையும் சேத்தே மூடிடறேன் சார், 'எனக்குப் போதும், தயவுபண்ணி என்னை இந்த ஒப்பந்தத்துலேர்ந்து விட்டுடுங்க'ன்னு அந்தம்மா மூணு வருஷமா மாசாமாசம் எழுதின லெட்டருங்க, ஒவ்வொண்ணுக்கும் 'முடியவே முடியாது'ன்னு போன பதில்ல எல்லாம் உங்க கையெழுத்துதான் இருக்கு."